ஒரே பெயரில் இரண்டு சரக்கு: பெங்களூர் விஸ்கியும் ஜப்பான் கண்ட வழியும்

மைசூர் ரோட்டில் கெங்கேரியைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் நம்மவர்கள் தினமும் ஆயிரக்கணக்கில் பயணம் செய்கிறார்கள். கம்பிபுரா என்ற ஊர் அந்த வழியில்தான் இருக்கிறது. அங்கே காய்ச்சி, மரப்பீப்பாயில் ஊற வைக்கப்படும் விஸ்கி லண்டனிலும் பாரிஸிலும் டோக்கியோவிலும் நல்ல விலைக்குப் போகிறது என்பது பலருக்கும் தெரியாது. தெரிந்தவர்களிலும் அதை வாங்கிக் குடித்தவர்கள் அபூர்வம். ஒரு பாட்டிலின் விலை ஒரு மேஸ்திரியின் பல நாள் கூலி. அதே மேஸ்திரி மாலையில் வேலை முடிந்து கடைக்குப் போய்க் கேட்டு வாங்குவதன் பெயரும் விஸ்கிதான். பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. இந்த வேறுபாடுதான் இப்போது இரண்டு நாடுகளுக்கு இடையிலான வர்த்தக விவகாரமாக உருவெடுத்திருக்கிறது.

2025 ஜூலை 24-ந் தேதி இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஸ்காட்ச் விஸ்கி மீது இந்தியா விதித்து வந்த இறக்குமதித் தீர்வை 150 சதவீதம். ஒப்பந்தப்படி, அமலாகும் நாளில் அது 75 சதவீதமாகி, பத்தாண்டில் படிப்படியாக 40 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர்கள் இதற்காக ஆண்டுக்கணக்கில் தவம் கிடந்ததில் வியப்பில்லை. பாட்டில் கணக்கில் பார்த்தால் அவர்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளராக இந்தியா பிரான்சை முந்தியது 2022-லேயே. அந்த ஒரு வருஷத்தில் இங்கே வந்து இறங்கியது 21 கோடிக்கும் அதிகமான பாட்டில்களுக்குச் சமமான ஸ்காட்ச். அப்படியும் இந்தியாவில் விற்கும் மொத்த விஸ்கியில் அது நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குக்கு மேல் இல்லை. மீதி எல்லாம் உள்நாட்டுச் சரக்கு. உலகிலேயே அளவில் மிக அதிகமாக விஸ்கி குடிக்கும் நாடு என்ற பெயர் நமக்கு உண்டு. அந்தப் பெயர் உண்மையா என்பதே தகராறு.

பிரிட்டன் தரப்பு சொல்வது இது: தானியத்தில் காய்ச்சி, மரப்பீப்பாயில் மூன்று ஆண்டாவது வைத்தால்தான் விஸ்கி. ஐரோப்பிய நாடுகளும் 1989-லேயே இப்படிச் சட்டம் செய்துவிட்டன. நம் நாட்டில் 'விஸ்கி' என்று விற்பதில் பெரும்பகுதிக்கு அடிப்படை, மொலாசஸ் என்னும் கரும்புக் கழிவுப்பாகிலிருந்தோ தானியத்திலிருந்தோ வடித்தெடுத்த மணமற்ற சுத்த ஸ்பிரிட். அதோடு கொஞ்சம் மால்ட், வாசனை, நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை, தண்ணீர். மண்டியாவில் சர்க்கரை ஆலைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கறுத்த பாகின் நெடி நன்றாகத் தெரியும். ஐரோப்பியக் கடையில் கழிவுப்பாகுச் சரக்கை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. நம் நாட்டில் மது வகைகளுக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் வகுத்து, 2019 ஏப்ரலில் அமலுக்கு வந்த தர விதிகள் அதற்கும் இடம் கொடுத்தன.

இதற்கு நம் தொழிலதிபர்கள் சொல்லும் பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியைத் தெரிந்துகொள்ள கம்பிபுராவுக்கே போக வேண்டும்.

கம்பிபுராவின் கணக்கு

அம்ருத் டிஸ்டில்லரீஸ் என்ற இந்தக் கம்பெனி 1948-ல் ராதாகிருஷ்ண ராவ் ஜக்தாளே என்பவரால் பெங்களூரில் தொடங்கப்பட்டது. ராணுவக் கேன்டீன்களுக்கு ரம், பிராந்தி கொடுத்து வளர்ந்த கம்பெனி. 1976-ல் அவர் காலமானதும் மகன் நீலகண்ட ராவ் ஜக்தாளே பொறுப்பேற்றார். 1980-களிலேயே பார்லி மால்ட்டைக் காய்ச்சிப் பீப்பாயில் போடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் தனியாக விற்க அல்ல. சாதாரண ஸ்பிரிட்டோடு கலந்து சுவை கூட்டுவதற்கு. வெறும் மால்ட் விஸ்கியை இந்தியாவில் யார் வாங்குவார்கள் என்பதே அன்றைய நிலை.

நீலகண்ட ராவின் மகன் ரட்சித் இங்கிலாந்தில் நியூகாசிலில் படித்துக்கொண்டிருந்தபோது, அங்குள்ள இந்திய உணவு விடுதிகளில் நம்முடைய மால்ட்டை விற்றால் என்ன என்ற யோசனை பிறந்தது. 2004 ஆகஸ்டில், வேறெங்கும் இல்லை, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலேயே அதை வெளியிட்டார்கள். திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோன கதை! சில ஆண்டுகள் மிகவும் சிரமப்பட்டார்கள். லேபிளை மறைத்துக் கொடுத்தால் குடித்துப் பார்த்துப் பாராட்டுகிறவர், இந்தியச் சரக்கு என்றதும் முகம் சுளிப்பார். பிறகு 2010-ம் ஆண்டுக்கான தம் விஸ்கி கையேட்டில் ஜிம் முர்ரே என்ற ஆங்கில விமரிசகர் 'அம்ருத் ஃபியூஷன்' என்ற வகைக்கு நூற்றுக்கு 97 மார்க் போட்டு, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். அதன் பிறகுதான் சொந்த ஊரான பெங்களூரிலேயே இந்தச் சரக்கு கடைக்கு வந்தது. வெளியூரில் பெயர் வாங்கினால்தான் வீட்டில் மதிப்பு என்பது நம் நாட்டில் வித்வான்களுக்கு மட்டும் நேர்வதில்லை போலும். நீலகண்ட ராவ் 2019 மே மாதம் மறைந்தார். வெளிநாட்டு விற்பனையில் அலைந்து, பிற்பாடு காய்ச்சும் பொறுப்பையே ஏற்றவர் அசோக் சொக்கலிங்கம்.

இனி செய்முறை. ராஜஸ்தான், பஞ்சாப் பக்கத்துப் பார்லியை நனைத்து முளை கட்ட வைத்து, முளை நீளுமுன் உலர்த்துகிறார்கள். கேழ்வரகை முளை கட்டிக் காய வைத்து மாவாக்கிப் பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்சும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தப் பாதி வேலை புதிதல்ல. முளைத்த தானியத்தில் மாவு சர்க்கரையாக மாறும். அதை அரைத்து வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, செம்புக் கொப்பரையில் இரண்டு முறை காய்ச்சி வடித்தால் தண்ணீர் போல் தெளிந்த சாராயம் கிடைக்கிறது. அது விஸ்கி ஆவது பீப்பாயில்தான். உள்பக்கம் தீயில் கருக்கிய ஓக் மரப் பீப்பாய். வெயிலில் மரம் விரிய, சாராயம் மரத்துக்குள் புகும். குளிரில் வெளியே வரும். நிறமும் மணமும் அந்தப் போக்குவரத்தில் ஏறுகின்றன.

பீப்பாய் மூச்சு விடும்போது சரக்கும் ஆவியாகப் போகிறது. இதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள் ஸ்காட்லாந்தில். அங்கே குளிர் தேசமானதால் தேவதைகளுக்குப் பசி குறைவு. வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம்தான். பெங்களூர் மூவாயிரம் அடி உயரத்தில், இதமான ஊர் என்று பெயரெடுத்திருந்தும் இங்கே 10 முதல் 12 சதவீதம் போய்விடுகிறது. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைக் கணக்குப் போடுங்கள். வருஷத்துக்கு 11 சதவீதம் என்றால் நாலு வருஷத்தில் மிஞ்சுவது சுமார் 125 லிட்டர். எட்டு வருஷம் வைத்தால் 80 லிட்டர்கூட மிஞ்சாது. ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு வருஷம் வைத்தாலும் 155 லிட்டருக்குக் குறையாது. 2013-ல் அம்ருத் எட்டு ஆண்டுச் சரக்கு ஒன்றை வெளியிட்டபோது அதற்குப் 'பேராசைக்காரத் தேவதைகள்' என்று பெயர் வைத்தது இந்த வயிற்றெரிச்சலில்தான்.

வெப்பத்தில் மரம் வேகமாக வேலை செய்வதால் அங்கே பல ஆண்டில் ஏறும் சுவை இங்கே சில ஆண்டிலேயே ஏறிவிடுகிறது. மூன்று ஆண்டு என்ற குளிர் தேசத்து விதியை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்கிறார்கள் நம்மவர்கள். இதுதான் நான் சொன்ன பாதி நியாயம். மற்றப் பாதி? பீப்பாயையே பார்க்காத கழிவுப்பாகு ஸ்பிரிட்டுக்கும் இந்தச் சீதோஷ்ண வாதத்துக்கும் என்ன சம்பந்தம்? உண்மையில் மால்ட் காய்ச்சுகிறவரின் வியர்வையைக் காட்டி, கலந்து ஊற்றுகிறவரும் சலுகை கேட்கிறார். கம்பிபுராவில் சாதாரணமாக நாலைந்து வருஷம் வைத்துத்தான் எடுக்கிறார்கள். மூன்று ஆண்டு விதி வந்தாலும் அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை.

ஜப்பானும் இந்த வழியில் வந்ததுதான்

ஜப்பான் விஸ்கி என்றால் இன்று பணக்கார நாடுகளில் ஏலம் போகும் பொருள். ஆரம்பம் அப்படி இல்லை. சாக்கே என்ற அரிசி மது காய்ச்சும் குடும்பத்தில் 1894-ல் பிறந்த மசதக்கா தக்கெத்சுரு என்ற இளைஞர் 1918-ல் ஸ்காட்லாந்துக்குப் போனார். கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ரசாயனம் படித்தார். காய்ச்சும் சாலைகளில் கூலியாள்போல் நின்று வேலை கற்றார். கண்டதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். ரீட்டா என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை மணந்துகொண்டு 1920-ல் ஊர் திரும்பினார். ஷின்ஜிரோ தோரி என்ற வியாபாரி 1923-ல் கியோட்டோ அருகே யமசாகியில் ஜப்பானின் முதல் மால்ட் விஸ்கிச் சாலையைக் கட்டியபோது இவரை அமர்த்திக்கொண்டார். 1929-ல் முதல் விஸ்கி வந்தது. ஜனங்கள் புகை நாற்றம் அடிக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். இருவருக்கும் ஒத்துவரவில்லை. 1934-ல் தக்கெத்சுரு வடகோடித் தீவான ஹொக்கைடோவில் யோயிச்சி என்ற ஊருக்குப் போய்ச் சொந்தமாகத் தொடங்கினார். விஸ்கி பீப்பாயில் ஊறும் காலத்தில் ஆப்பிள் சாறு பிழிந்து விற்று வயிற்றைக் கழுவினார். நிக்கா என்ற கம்பெனி அதுதான். தோரியின் கம்பெனி சன்டோரி.

நமக்குச் சுவாரஸ்யமான கட்டம் யுத்தத்துக்குப் பிந்தியது. தோற்றுப் போன நாட்டில் ஏழைத் தொழிலாளிகளுக்கு மலிவாக ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. மூன்றாந் தர விஸ்கி என்ற பிரிவில் மால்ட் 5 சதவீதத்துக்குள். அறவே இல்லாவிட்டாலும் குற்றமில்லை என்று சட்டம் இருந்தது. ஸ்பிரிட்டில் சாயம் கலந்து விஸ்கி என்று விற்றார்கள். நம் ஊர்க் கதையேதான்! தக்கெத்சுரு நீண்ட நாள் பிடிவாதமாக அந்தச் சரக்கைத் தொட மறுத்தார். கம்பெனி முழுகும் நிலை வந்தபோது 1950 வாக்கில் இறங்கி வந்தார். அப்போதும் சட்டம் அனுமதித்த முழு 5 சதவீத மால்ட்டையும் போட்டே விற்றார்.

1989-ல் தர வரிசையைச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். 2000-த்துக்குப் பிறகு வெளிநாட்டில் புகழ் ஏறிற்று. புகழ் ஏறியதும் போலி வந்தது. ஸ்காட்லாந்திலிருந்து டாங்கர் கணக்கில் வாங்கி ஜப்பானில் பாட்டிலில் அடைத்து, ஜப்பானிய எழுத்தில் லேபிள் ஒட்டி 'ஜப்பான் விஸ்கி' என்று ஏற்றுமதி செய்தார்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை. கடைசியில் உற்பத்தியாளர் சங்கமே முன்வந்து 2021 பிப்ரவரியில் ஒரு தர நிர்ணயத்தை வெளியிட்டது. மால்ட் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீர் ஜப்பானுடையதாக இருக்க வேண்டும். புளிக்க வைப்பது, காய்ச்சுவது, மூன்று ஆண்டு மரப்பீப்பாயில் வைப்பது, பாட்டிலில் அடைப்பது எல்லாம் ஜப்பானிலேயே நடக்க வேண்டும். இல்லாவிட்டால் 'ஜப்பான் விஸ்கி' என்ற பெயர் கிடையாது. பழைய சரக்குகளுக்கு 2024 மார்ச் வரை அவகாசம். இது சங்கத்தின் விதி. சர்க்கார் சட்டம் அல்ல. ஆனாலும் பெரிய கம்பெனிகள் கட்டுப்பட்டன. தங்கள் பொருள்களில் எது தேறும், எது தேறாது என்று நிக்கா கம்பெனியே பிரித்துச் சொன்னது. அந்த நாணயத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

கோர்ட் சொன்னது

பெயர்த் தகராறு பெங்களூருக்குப் புதிதல்ல. கோடே கம்பெனி 1968 முதல் 'பீட்டர் ஸ்காட்' என்ற விஸ்கியை விற்று வந்தது. பெயரில் 'ஸ்காட்' என்று வருவதால் ஜனங்கள் ஸ்காட்லாந்துச் சரக்கு என்று ஏமாறுகிறார்கள் என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்காடியது. 2008 மே மாதம் சுப்ரீம் கோர்ட் கோடேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விஷயம் 1974-லேயே தெரிந்திருந்தும் 1986 வரை சும்மா இருந்துவிட்டு வந்தால் எப்படி என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் நம் கவனத்துக்குரியது. இந்த ரகம் விஸ்கி வாங்குகிறவர்கள் பணத்தின் அருமையும் சரக்கின் தரமும் எங்கே எப்படித் தயாராகிறது என்பதும் அறிந்தவர்கள். எளிதில் ஏமாற மாட்டார்கள் என்று கோர்ட் கருதியது.

அந்த வழக்கைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் பீன்யாவில் லேத்தில் நிற்கிறவர், காமாட்சிபாளையத்தில் மூட்டை தூக்குகிறவர், தர்மபுரியிலிருந்து வந்து கட்டடத்தில் சென்ட்ரிங் போடுகிறவர், இவர்களுக்கு எது எதில் காய்ச்சியது என்று சொன்னவர் யார்?

2007 ஜூலை 1-ந் தேதி கர்நாடகத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. ஸ்ரீராமபுரத்திலும் ஓகலிபுரத்திலும் பாக்கெட் சாராயக் கடைகள் மூடியது பலருக்கு நினைவிருக்கும். பெண்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நடந்தது என்ன? சாராயம் குடித்தவர்கள் கள்ளச்சாராயத்துக்கோ, மலிவு விஸ்கி, பிராந்தி, ரம்முக்கோ மாறினார்கள். அடுத்த ஆண்டு மே மாதமே பெங்களூர், கோலார் பக்கத்திலும் எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச் சாராயத்துக்கு நூற்றைம்பது பேருக்கு மேல் பலியானார்கள். 1981-ல் பெங்களூரில் முந்நூறு பேருக்கு மேல் செத்த கொடுமைக்குப் பிறகு அப்படி ஒரு சாவு. கடைச் சரக்குக்கு மாறியவர்கள் உயிர் பிழைத்தார்கள். மாறியது பெயரும் விலையும்தான். முன்பு குடித்த சாராயமும் கரும்புக் கழிவுப்பாகுதான். இப்போது 90 மில்லி அட்டைப் பாக்கெட்டில் குடிக்கும் மலிவு 'விஸ்கி'க்கும் பெரும்பாலும் அதே பாகுதான் தாய். வாசனை கூடிற்று, நிறம் ஏறிற்று, தீர்வையும் ஏறிற்று.

தீர்வை விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். 2025-26 பட்ஜெட்டில் கர்நாடக அரசு கலால் வருமானமாக எதிர்பார்த்த தொகை 40,000 கோடி ரூபாய். 2023 ஜூலையில் எல்லா ரகத்துக்கும் தீர்வை ஒரேயடியாக ஏறியது. 2024 ஆகஸ்ட் இறுதியில், பக்கத்து ராஜ்யங்களைவிட விலை அதிகம் என்று சொல்லி உயர்ந்த ரகங்களுக்கு மட்டும் குறைத்தார்கள். 2025 மே மாதம் கீழ்ப்படி ரகங்களுக்கு மீண்டும் ஏற்றினார்கள். இனி வர்த்தக ஒப்பந்தத்தால் ஸ்காட்ச் விலையும் இறங்கினால், மேல்தட்டுக்காரர் குடிப்பது மலிவாகிக்கொண்டும் கூலிக்காரர் குடிப்பது விலை ஏறிக்கொண்டும் போகும். விலை ஏறினால் குடிப்பது குறையும் என்பார்கள் சிலர். சிலருக்குக் குறையலாம். பல வீடுகளில் குறைவது அரிசியும் பள்ளிக்கூடப் பீஸும்தான் என்பதை அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடிக்காமல் இருந்தால் எழுத வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பத்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தில் கோதுமை எவ்வளவு, எண்ணெய் எது என்று அச்சடிக்கச் சட்டம் இருக்கும் நாட்டில், தினக்கூலியில் நாலில் ஒரு பங்கை விழுங்கும் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லக் கூடாதா? உண்மையான மால்ட் விஸ்கி காய்ச்சுகிறவர்களுக்கும் இது லாபம்தான். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜான் டிஸ்டில்லரீஸும் கோவாவில் மால்ட் காய்ச்சி 2012-ல் லண்டனில் விற்கப் புறப்பட்டது. ஹரியானாவிலும் ராஜஸ்தானிலும் புதுச் சாலைகள் வந்திருக்கின்றன. வெளிநாட்டில் 'இந்திய விஸ்கியா, கழிவுப்பாகுதானே' என்ற ஏளனத்தை இவர்கள் ஒவ்வொருவரும் சந்தித்தாக வேண்டியிருக்கிறது. ஏளனத்துக்குக் காரணமான சரக்கு இதே பெயரில் இருக்கும்வரை அது நீங்காது.

ஜப்பானில் உற்பத்தியாளர் சங்கம் செய்ததை இங்கே எதிர்பார்ப்பது கடினம். அங்கே பெரிய கம்பெனிகளின் லாபம் நல்ல சரக்கில் இருந்தது. இங்கே பெரிய கம்பெனிகளின் லாபம் மலிவுச் சரக்கில் இருக்கிறது. அதனால் மத்திய ஆணையம்தான் விதியைத் திருத்த வேண்டும். கழிவுப்பாகுச் சரக்கு விஸ்கி என்ற பெயரையே விட்டுவிட வேண்டும் என்றால் இப்போதைக்கு யாரும் கேட்க மாட்டார்கள்; கோடிக்கணக்கான பெட்டி வியாபாரம் அது. ஸ்பிரிட் எதிலிருந்து வடித்தது, மால்ட் எத்தனை சதவீதம், பீப்பாயில் எத்தனை மாதம் இருந்தது என்ற மூன்று விவரங்களையாவது கட்டாயமாக்கலாம். இங்கிலீஷில் பொடி எழுத்தில் அல்ல. கன்னடத்தில், படிக்கும் அளவில். அந்த அட்டைப் பாக்கெட்டில் விலையும் எச்சரிக்கை வாசகமும் கம்பெனி விலாசமும் போக இன்னும் ஒரு பக்கம் படமாகத்தான் இருக்கிறது.